புழுதி நெல்லும் நிலக்கடலையும்: தழைச்சத்து தங்கும் வழி

பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலத்தைச் சூழ்ந்துள்ள மேட்டுப்பாங்கான செம்மண் பூமிகளில் நிலக்கடலையே முக்கியப் பயிர் என்பது யாவரும் அறிந்ததே. இவ்வூரிலுள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் நிலக்கடலை, எள், முந்திரி ஆகியவற்றில் நல்ல இரகங்களை வெளியிட்டுள்ளது. ஆற்றுப் பாய்ச்சலும் ஏரிப் பாய்ச்சலும் எட்டாத இத்தகைய நிலங்களில், மழையை நம்பிப் புழுதியில் நெல் விதைக்கும் குடியானவர்க்கு அடிக்கடி நேரும் நஷ்டம் ஒன்றுண்டு. விதைக்கும்போதே ஒரு மூட்டை யூரியா இட்டிருந்தும், கார்த்திகையில் பயிர் மஞ்சளித்து நிற்கும். இட்ட உரம் எங்கே போயிற்று என்பது ஆராயத்தக்கது.

காற்றோட்டமுள்ள புழுதியில் சிறிது ஈரம் பட்டவுடன், யூரியாவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் முதலில் அம்மோனியாவாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. நைட்ரேட் மண்ணில் ஒட்டி நிற்பதன்று. ஐப்பசி அடைமழை பெய்யுங்கால் மணற்பாங்கான செம்மண்ணில் அது வேருக்குக் கீழே இறங்கிவிடும். நீர் தேங்கிக் காற்றற்ற இடங்களிலோ, வேறு வகை நுண்ணுயிர்கள் அதனை வாயுவாக்கி ஆகாயத்திற் கலந்துவிடச் செய்யும். முளைத்துச் சில நாட்களே ஆன நாற்றுக்கு வேண்டும் தழைச்சத்து மிகச் சொற்பம். ஆதலின் விதைப்பின்போது இட்டதில் பெரும்பங்கு பயிருக்கு உதவாமலே கழிகிறது.

மானாவாரிப் புழுதி நெல்லுக்குத் தமிழ்நாட்டில் ஹெக்டேருக்கு 50 கிலோ தழைச்சத்தும், 25 கிலோ மணிச்சத்தும், 25 கிலோ சாம்பற்சத்தும் சிபாரிசு செய்யப்பட்டுள்ளன. இது ஏக்கருக்குத் தழைச்சத்தில் 20 கிலோ ஆகும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து இருப்பதால், 45 கிலோ மூட்டை ஒன்றே ஏக்கருக்குப் போதும். மணிச்சத்தை மட்டும் தொழு உரத்துடன் கலந்து விதைப்பின்போதே இடுக. யூரியாவை முளைத்த 20 முதல் 25 நாட்களுக்குள் ஒரு பாதியும், 40 முதல் 45 நாட்களுக்குள் மறு பாதியுமாக, களை எடுத்தபின், மண் ஈரமாயுள்ளபோது இடுதல் வேண்டும். ஈரமில்லாவிடில் நாள் தவறினாலும் மழைக்குக் காத்திருத்தலே நலம்.

இனிப் பயிர் மாற்றத்தைக் கவனிப்போம். அவரைக் குடும்பப் பயிர்களின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கித் தருகின்றன என்பதை ஜெர்மனி தேசத்து ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்போர் 1886-ஆம் ஆண்டில் மெய்ப்பித்தனர். நிலக்கடலையும் அக்குடும்பத்ததே. அண்டையிலுள்ள நெய்வேலியில் ஒருகாலத்தில் யூரியா செய்த தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. கடலை வேரிலுள்ள தொழிற்சாலையோ ஒவ்வொரு பட்டத்திலும் நடைபெறுகிறது.

எனினும், "கடலை போட்ட கொல்லைக்கு எருவே வேண்டா" என்று இருந்துவிடுதல் தவறு. நெல்லை அறுத்தால் வேரும் தாளும் நிலத்திலேயே தங்கும். கடலையையோ வேரோடு பிடுங்கிவிடுகிறோம். காயும் போகிறது, கொடியும் போகிறது. உதிர்ந்த இலையும் அறுந்த வேருமே மிச்சம். உலர்ந்த கொடியில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு தழைச்சத்து எனக் கொண்டாலும், ஒரு டன் கொடியுடன் 15 கிலோ தழைச்சத்து, அதாவது ஏறக்குறைய 33 கிலோ யூரியாவுக்கு ஈடானது, நிலத்தைவிட்டு வெளியேறுகிறது. கொடி மாட்டுக்குச் சிறந்த தீனியாதலின் அதனை மடக்கி உழச் சொல்வாரில்லை. ஆனால் அதைத் தின்ற மாட்டின் எரு அதே கொல்லைக்குத் திரும்புதல் அவசியம். மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறக்குறையப் பாதி மூத்திரத்தில் உள்ளது. தொழுவத்தில் கடலைத்தோலோ செம்மண்ணோ பரப்பி அதனை ஊறவிட்டு எருக்குழியில் சேர்த்தால், வீணாவது பெரிதும் குறையும்.

இவற்றையெல்லாம் கருதின், ஒரே கொல்லையில் பின்வரும் முறை பொருத்தமானது. முதலாண்டு ஆனி, ஆடியில் நிலக்கடலை. அடுத்த ஆண்டு கோடை மழையில் கொளுஞ்சி அல்லது சணப்பை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுது, ஆவணி, புரட்டாசியில் நெல். கொளுஞ்சியை ஆடுமாடுகள் விரும்பி மேயாவாதலின் காவற் செலவு குறைவு. தையில் நெல் அறுத்தபின் ஈரம் நிற்குமிடத்தில் உளுந்து விதைக்கலாம்.

கிராம நிர்வாக அலுவலர்களும் இதில் பெரிதும் உதவக்கூடும். எந்தச் சர்வே நம்பரில் எந்தப் பயிர் என்பது பசலிதோறும் அடங்கலில் பதிவாகிறது. மூன்று பசலிகளின் பதிவையும் மண்வள அட்டையையும் சேர்த்துப் பார்த்தால், எக்கொல்லைக்கு அவரையினப் பயிர் வேண்டும், எதற்கு எரு வேண்டும் என்பது எளிதில் விளங்கும்.

மூட்டை வாங்குதல் எளிது. அதிலுள்ள சத்தைப் பயிரிற் சேர்ப்பதே வேளாண்மை. வருகின்ற பட்டத்தில் ஒவ்வொருவரும் தம் நிலத்தில் கால் ஏக்கரிலேனும், விதைப்புடன் இடும் யூரியாவை நிறுத்தி, மேற்கூறியவாறு இரு தவணையாக இட்டுப் பார்ப்பாராக. பக்கத்துப் பாத்தியோடு ஒப்பிட்டால் பயனைக் கண்ணாரக் காணலாம்.