வெயில் களிம்பு விஷமா?

வெயிலுக்குப் பயந்து களிம்பு வாங்கப் போனால், களிம்புக்கே பயப்படும் காலமாகிவிட்டது. “சன்ஸ்கிரீன் ரத்தத்தில் கலந்துவிடுகிறதாமே!” என்று மருந்துக் கடை வாசலிலேயே தயங்கும் சகோதரிகள் உண்டு. அந்தப் பேச்சு எங்கிருந்து புறப்பட்டது தெரியுமா?

2019-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 24 பேரின் உடம்பில் முக்கால் பாகத்துக்கு, தினம் நான்கு வேளை வீதம் நான்கு நாள் சன்ஸ்கிரீன் பூசிப் பார்த்தது. ஆக்ஸிபென்ஸோன், அவோபென்ஸோன் முதலிய ரசாயனங்கள் முதல் நாளே ரத்தத்தில் தலைகாட்டின. இலாகா போட்டிருந்த கோட்டையும் தாண்டின. ஆனால், ‘இதற்கு மேல் போனால் இன்னும் பரிசோதித்துப் பார்க்க வேண்டும்’ என்பதுதான் அந்தக் கோட்டின் அர்த்தம். களிம்பை நிறுத்த வேண்டாம் என்று அதே இலாகா சொல்லிற்று. வாய்க்கு வாய் பரவியதில் இந்தப் பின்பாதி உதிர்ந்துபோயிற்று!

அப்படியும் மனம் ஒப்பவில்லையானால், ஜிங்க் ஆக்ஸைடு அல்லது டைட்டானியம் டையாக்ஸைடு கலந்ததை வாங்குங்கள். அவற்றைப் பற்றி அந்த இலாகாவுக்கே கவலை இல்லை. முகத்தில் கொஞ்சம் விபூதி பூசினாற்போல் இருக்கும், அவ்வளவுதான்.

பலனையும் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் நாம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1,621 பேரை வைத்துச் சோதனை நடந்தது. ஒரு பாதியார் தினந்தோறும் பூசினார்கள். மறு பாதியார் இஷ்டப்படி இருந்தார்கள். பிற்பாடு கணக்கெடுத்ததில், மெலனோமா என்னும் பொல்லாத தோல் புற்றுநோய் இவர்களில் 22 பேருக்கும், தினம் பூசியவர்களில் 11 பேருக்குமே கண்டிருந்தது.

அவர்கள் வெள்ளைத் தோல்காரர்கள். நம் தோலிலுள்ள மெலனின் நமக்குக் கவசம். அந்தப் புற்றுநோய் நமக்கு அபூர்வம். நம் பெண்களைப் படுத்துவது மங்கு. கர்ப்ப காலத்தில் கன்னத்தில் படர்ந்து, பிரசவமான பிறகும் போக மறுக்கும். வெயில் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம்கூட அதை வளர்க்கும். சாதாரண சன்ஸ்கிரீன் அந்த வெளிச்சத்தைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்ஸைடு சேர்த்து, தோல் நிறத்திலேயே வரும் ‘டின்டட்’ வகையைத்தான் தோல் வைத்தியர்கள் சிபாரிசு செய்கிறார்கள்.

மங்கு போக அடுத்த வீட்டு அம்மாள் கொடுக்கும் ட்யூபை மட்டும் தொடாதீர்கள்! பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் மாதம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, பரு வெடித்து, வெயில் பட்டாலே எரியும். இத்தகைய 14 களிம்புகளை டாக்டர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018-ல் இந்திய அரசு உத்தரவு போட்டது.

சன்ஸ்கிரீனில் எஸ்.பி.எஃப். 30 போதும். அது தோலைச் சுடும் கதிர்களில் 97 சதவிகிதத்தைத் தடுக்கிறது. 50 வாங்கினால் 98. அந்த ஒரு சதவிகிதத்துக்கு ஏன் பணத்தைக் கொட்ட வேண்டும்? அளவில்தான் நாம் கஞ்சத்தனம் செய்கிறோம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கி, முகம் கழுத்து இரண்டுக்கும் பூச வேண்டும். வெளியில் நின்றால் இரண்டு மணிக்கு ஒரு தரம் மறுபடி பூசுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இது வேண்டாம். நிழலும் மெல்லிய பருத்திச் சட்டையும் போதும்.