தறியின் வேகமும் கணிப்பொறியின் வேகமும்

அம்மையார்குப்பத்துத் தெருக்களில் நடந்திருக்கிறீர்களா? திருத்தணியை அடுத்து, ஆந்திர எல்லையோரம் இருக்கும் நெசவாளர் ஊர் அது. அங்கே விசைத்தறியின் ஓசை காதைவிட்டு அகலாது. ஒரு மார்கழி மாதம் என் மாணவன் ஒருவன் வீட்டுக்குப் போயிருந்தேன். முன்கட்டில் தறிகள். உள்ளறையில், சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த ஒரு கணிப்பொறி. பகலில் அவனுடைய அக்கா நூல் கணக்கும் கூலிக் கணக்கும் பார்ப்பது அதில்தான். இரவில் அவன் விளையாடுவதும் அதில்தான்.

"சார், இதன் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் விளையாட்டில் படம் தடங்காமல் ஓடுமாம். கூட்டலாமா?" என்று கேட்டான்.

"எதையாவது எரித்து வைக்காதேடா, இன்னும் கடன் அடையவில்லை" என்றார் முன்கட்டிலிருந்து அவன் தந்தை.

மகனின் கேள்வியும் நியாயமானது. தந்தையின் அச்சமும் நியாயமானது. 'ஓவர்கிளாக்கிங்' என்று சொல்லப்படும் இந்த வேலையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

உங்கள் கைக்கடிகாரத்தினுள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. கணிப்பொறியிலும் அப்படி ஒரு படிகம் உண்டு. அதன் அதிர்விலிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் என்னும் அடிப்படைத் துடிப்பு உருவாக்கப்படுகிறது. நுண்செயலி அதை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கிக்கொள்கிறது. பெருக்கெண் 45 என்றால் வேகம் 4,500 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 450 கோடித் துடிப்புகள். தறி வேகமாக ஓட வேண்டுமானால் மோட்டாரின் புல்லியைப் பெரிதாக்குவார்கள் அல்லவா? பெருக்கெண்ணைக் கூட்டுவதும் அதே வேலைதான். மோட்டார் அப்படியே இருக்கிறது, விகிதம்தான் மாறுகிறது.

புல்லியை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிக்கொண்டே போகலாமா? தறிக்காரரைக் கேட்டுப் பாருங்கள். பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து வழிவிடும் சிறிது நேரத்துக்குள் நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துப் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். நாடா நடுவழியில் இருக்கும்போதே பாவு மூடிக்கொண்டால் நூல்கள் கொத்தாக அறுந்துபோகும். அதனால்தான், நாடா பெட்டிக்கு வந்து சேராவிட்டால் தறி தானாகவே நின்றுவிடும்படி அதில் ஓர் அமைப்பு இருக்கிறது.

சில்லினுள்ளும் ஒரு நாடா ஓடுகிறது. அது மின்னோட்டம். ஒவ்வொரு துடிப்பிலும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் மாறுகின்றன. ஒவ்வொன்றின் வாயிலிலும் சிறிது மின்னூட்டம் நிரம்பவோ வடியவோ வேண்டும். 450 கோடித் துடிப்பில் ஒரு துடிப்புக்குக் கிடைப்பது ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கின் ஐந்தில் ஒரு பாகத்துக்குச் சற்றே கூடுதலான நேரம். அந்த நேரத்தில் ஒளிகூட ஏழு சென்டிமீட்டரைத் தாண்டாது! விடை வந்து சேருமுன் அடுத்த துடிப்பு வந்துவிட்டால், சில்லு பழைய விடையையோ பாதி விடையையோ எடுத்துக்கொண்டு போய்விடும். தறியைப் போல நின்றுவிட்டால் நல்லதுதான். பல சமயங்களில் அது நிற்பதில்லை. தவறான எண்ணோடு மேலே ஓடுகிறது. இதை மறந்துவிடாதீர்கள்; பின்னால் இது தேவைப்படும்.

சரி, நாடாவை வேகமாக அடித்தால்? அதற்கும் வழி உண்டு. மின்னழுத்தத்தைச் சற்றே உயர்த்தினால் மின்னூட்டம் விரைவில் நிரம்பும். விடை குறித்த நேரத்தில் வந்துவிடும். அதற்கான விலை வெப்பம். சில்லின் வேலையால் எழும் வெப்பம் துடிப்பின் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் இருக்கிறது. வேகத்தில் பத்து விழுக்காடும் மின்னழுத்தத்தில் பத்து விழுக்காடும் கூட்டினால், 1.1 x 1.1 x 1.1 = 1.331. அதாவது 100 வாட் இருந்த இடத்தில் 133 வாட். பத்து விழுக்காடு வேகத்துக்கு முப்பத்து மூன்று விழுக்காடு வெப்பம்!

இந்த இடத்தில்தான் நம் ஊர் குறுக்கே வருகிறது. விசிறியும் உலோகத் தகடுகளும் கொண்ட ஒரு சாதாரணக் குளிர்விப்பான், ஒவ்வொரு வாட்டுக்கும் அறை வெப்பத்துக்கு மேல் அரை டிகிரி ஏற விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் அறை 25 டிகிரி செல்சியஸ். 100 வாட்டில் சில்லு 75 டிகிரி. 133 வாட்டில் ஏறக்குறைய 91. தப்பித்துவிடும். சித்திரை, வைகாசியில் திருத்தணி வட்டாரத்து வெயிலை நான் சொல்ல வேண்டியதில்லை. மலைக்கோயிலின் 365 படிகளில் நண்பகலில் வெறுங்காலை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அறை 40 டிகிரி. இப்போது 133 வாட்டில் சில்லின் வெப்பநிலை 106 டிகிரியைத் தாண்ட வேண்டும். ஆனால் தாண்டாது. 95 அல்லது 100 டிகிரியை நெருங்கும்போதே இன்றைய சில்லுகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே வேகத்தைக் குறைத்துவிடும். வேகத்தைக் கூட்டப் போய் மெதுவான கணிப்பொறியைப் பெறுவது இப்படித்தான்.

போட்டிக்காக ஓட்டுபவர்கள் திரவ நைட்ரஜனை ஊற்றி, பூச்சியத்துக்குக் கீழே 196 டிகிரியின் துணையோடு ஓட்டுகிறார்கள். 2022 டிசம்பரில் ஒரு சில்லு திரவ ஹீலியத்தின் துணையோடு 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியது. அது சில நொடி வித்தை, வீட்டுக்கு ஆகாது.

"அந்தக் காலத்தில் ஓசியிலேயே ஒன்றரை மடங்கு வேகம் கிடைத்ததாமே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ என்னும் சில்லின் பெருக்கெண் 4.5. அடிப்படைத் துடிப்பை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு 450-இல் ஓடியது. மாயம் ஒன்றுமில்லை. ஒரே அச்சில் வார்த்த சில்லுகளைச் சோதித்து, தரம் பிரித்து, வெவ்வேறு வேகப் பெயரில் விற்பது வழக்கம். மேல்தரச் சில்லுகளும் மலிவுப் பெயரில் வெளிவந்தன. இன்று அந்த மிச்சத்தைத் தயாரிப்பாளர்களே 'டர்போ' என்ற பெயரில் வழித்தெடுத்துவிட்டார்கள். சில சமயம் எல்லை மீறியும் விடுகிறார்கள். தன் 13, 14-ஆம் தலைமுறைச் சில்லுகள் சில நிலைகுலைந்ததற்கு மிகுதியான மின்னழுத்தமே காரணம் என்று 2024 ஜூலையில் இன்டெல் நிறுவனமே ஒப்புக்கொண்டு, பின்னர் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டியது. கூடுதல் மின்னழுத்தம் சில்லை மெல்ல மெல்லத் தேய்த்துவிடும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இனி விளையாட்டுக்கு வருவோம். திரையில் நொடிக்கு 50 படங்கள் என்றால் ஒரு படத்துக்கு 20 மில்லி நொடி. நுண்செயலி காட்சியைக் கணக்கிட, கிராஃபிக்ஸ் கார்டு அதை வரைகிறது. தார் சுற்றுபவர் மெதுவாக இருந்தால் தறியை விரைவாக்கி என்ன பயன்? இருவரில் யார் மெதுவோ அவர் நேரம்தான் படத்தின் நேரம். எனவே முதலில் கண்டுபிடிக்க வேண்டியது யார் மெது என்பதை. திரைத் தெளிவைக் குறைத்துப் பாருங்கள். படங்களின் எண்ணிக்கை நன்றாக ஏறினால் கிராஃபிக்ஸ் கார்டுதான் மெது. ஏறாவிட்டால் நுண்செயலி. (பத்தில் எட்டுப் பேர் இந்தச் சோதனையைச் செய்யாமலே பெருக்கெண்ணில் கை வைக்கிறார்கள் என்பது என் எண்ணம்.)

நம் மாணவன் சோதித்துப் பார்த்தான்; நுண்செயலிதான் மெது. நான் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை; எனக்கும் பார்க்க ஆசை. வேகத்தையும் மின்னழுத்தத்தையும் பத்து விழுக்காடு உயர்த்தினான். நினைவகத்தின் வேகத்தையும் சற்றுக் கூட்டினான். 50 படம் 55 ஆயிற்று. மார்கழி, தை, மாசி எல்லாம் சுகமாகப் போயிற்று.

சித்திரையில் 55 படம் 42-க்கு இறங்கியது. அதுகூடப் பரவாயில்லை. ஒரு நாள் காலை அக்காவின் கணக்குக் கோப்பு திறக்கவில்லை. முன்னே நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்தத் தவறான எண்தான். நினைவகத்தில் எங்கோ ஒரு பிட் புரண்டு, அது அப்படியே வட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நான்கு மாதக் கூலிக் கணக்கை அந்தப் பெண் துண்டுச் சீட்டுகளைப் பார்த்து இரண்டு இரவு உட்கார்ந்து மீண்டும் எழுதினாள். தம்பியோடு அவள் பேசவில்லை, என்னோடும்தான்.

பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தோம். குளிர்விப்பானின் தகடுகளுக்கிடையே பஞ்சு மெத்தை போல அடைந்து கிடந்தது! தறி வீட்டில் வேறென்ன இருக்கும்? தூரிகையால் சுத்தம் செய்து, காற்று உள்ளே போகும் வழியில் பழைய வேட்டித் துணியை ஒற்றை மடிப்பாகக் கட்டினோம். அது போதவில்லை, காற்றுத் தடைப்பட்டது. கொசுவலைத் துண்டுக்கு மாற்றினோம். நினைவகத்தையும் பெருக்கெண்ணையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தோம். அடுத்து, எல்லாரும் செய்வதற்கு நேர்மாறாக, மின்னழுத்தத்தை ஐந்து விழுக்காடு குறைத்தோம். வர்க்க விதி இப்போது நமக்குச் சாதகம்: 0.95 x 0.95 = 0.9025. வேகம் குறையாமலே வெப்பம் 100 வாட்டிலிருந்து 90-க்கு வந்துவிடுகிறது. எல்லாச் சில்லும் இதைத் தாங்காது. ஒவ்வொரு விழுக்காடாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் நினைவகச் சோதனையும் கணக்குச் சோதனையும் இரவு முழுவதும் ஓட்டிப் பார்க்க வேண்டும். சோதனையைக் கோடையில் செய்யுங்கள், மார்கழியில் அல்ல.

வைகாசியில் ஒரு நண்பகல் அவனிடமிருந்து செய்தி வந்தது. அறை 39 டிகிரி, சில்லு 84 டிகிரி, படம் 50. கணக்குக் கோப்பின் நகல் ஒன்றை அக்கா தினமும் தனியே எடுத்துத் தன் பெட்டியில் பூட்டி வைக்கிறாளாம். சாவி எங்கே என்று சொல்ல மாட்டேன் என்கிறாளாம்.