கடல் கடந்து வரும் பணத்துக்குக் கூலி கொடுப்பவர் யார்?

சரக்கு ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லக் கூலி உண்டு என்பதை நாம் அனைவரும் அறிவோம். வண்டிச் சத்தம், சுமைகூலி, கப்பல் கட்டணம் ஆகியவற்றை விலையில் சேர்ப்பதா, வாங்குவோரிடம் தனியே பெறுவதா என்பதைச் சரக்குப் புறப்படும் முன்னரே பேசி முடித்துவிடுகிறோம். ஆனால் சரக்கின் விலையாக வரும் பணமும் பயணம் செய்கிறது. அதற்கும் கூலி உண்டு. இதனைப் பல சங்கங்கள் பணம் குறைந்து வந்து சேர்ந்த பின்னரே உணர்கின்றன.

சென்னிமலைப் போர்வையையும், பவானி ஜமக்காளத்தையும், ஈரோட்டு மஞ்சளையும் வெளிநாட்டார் இணையத்தின் வழியே பார்த்து, அவ்வழியிலேயே பணமும் செலுத்தும் காலம் இது. இடையில் நின்ற ஏற்றுமதி வியாபாரியின் துணையின்றி ஒரு தொடக்கச் சங்கமே அயல்நாட்டு வாடிக்கையாளருடன் நேரே வியாபாரம் செய்ய இயலும். இது கூட்டுறவாளர் மகிழத்தக்க மாற்றமே. ஆயினும் வியாபாரியை விலக்கி மீதப்படுத்திய தொகை, பணம் வரும் வழியில் கரைந்துவிடுமாயின் அதனால் அங்கத்தினருக்கு விளையும் நன்மை யாது?

பழைய வழக்கம்

பணம் அனுப்பும் செலவை இன்னார்தாம் ஏற்க வேண்டும் என்ற பொதுவிதி எக்காலத்திலும் இருந்ததில்லை. மணியார்டரில் கமிஷனை அனுப்புவோர் கொடுத்தார். வி.பி.பி. மூலம் சரக்கு அனுப்பியபோது விலையோடு மணியார்டர் கமிஷனையும் சேர்த்து வாங்குவோரிடமே தபால்காரர் வசூலித்தார். உண்டியலை மாற்றியபோதோ, மாற்றுவோரின் தொகையில் வட்டம் கழிக்கப்பட்டது. முறை எதுவாயினும், செலவு யாருடையது என்பது இருவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. இன்று நம்மிடம் இல்லாதது அந்தத் தெளிவுதான்.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ. மூலம் பெறும் பணத்துக்கு வியாபாரியிடம் கட்டணம் வாங்கலாகாது என்ற ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. 500 ரூபாய் அனுப்பினால் 500 ரூபாயே வருகிறது. இப்பழக்கத்தில் ஊறிய நாம், வெளிநாட்டுப் பணமும் இவ்வாறே வரும் என எண்ணிவிடுகிறோம். அங்கே நிலைமை வேறு.

வங்கி வழி

வாங்குவோர் தம் வங்கியிலிருந்து சங்கத்தின் வங்கிக்குப் பணம் அனுப்புவது முதல் வழி. 1973-இல் பெல்ஜியத்தில் நிறுவப்பெற்ற ஸ்விஃப்ட் என்னும் அமைப்பு வங்கிகளுக்கிடையே செய்திகளைக் கொண்டு செல்கிறது. அது கொண்டு செல்வது செய்தியைத்தான், பணத்தையன்று. அனுப்பும் வங்கிக்கும் நம் வங்கிக்கும் நேர்க்கணக்கு இல்லையெனில், இரண்டிலும் தொடர்புடைய இடை வங்கி ஒன்றோ இரண்டோ நடுவில் நின்று பணத்தைக் கைமாற்றுகின்றன. அவை தமக்குரிய கூலியைப் பெரும்பாலும் கடந்து செல்லும் தொகையிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன.

இச்செலவு யாருடையது என்பதை, பணம் அனுப்புவோர் நிரப்பும் படிவத்தில் உள்ள மூன்றெழுத்துக் குறி ஒன்று தீர்மானிக்கிறது. ‘ஓ-யூ-ஆர்’ என்று குறித்தால் வழிச்செலவு அனுப்புவோரைச் சேரும். ‘பி-இ-என்’ என்றால் எல்லாச் செலவும் பெறுவோரைச் சேரும். ‘எஸ்-ஹெச்-ஏ’ என்றால் அனுப்புவோர் தம் வங்கியின் கட்டணத்தை மட்டும் ஏற்பார். இடை வங்கிகளின் கூலியும் நம் வங்கியின் கட்டணமும் நம்முடையவை. ‘பகிர்வு’ எனப் பொருள்படும் இம்மூன்றாவது குறி, கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் வழியில் எத்தனை இடை வங்கிகள் உள்ளன என்பது நமக்குத் தெரியாதாகையால், அளவு தெரியாத சுமையை நாம் ஏற்கிறோம் என்பதே இதன் பொருள். இன்வாய்ஸில் ஒன்றும் குறிப்பிடாவிடில் வாங்குவோர் பெரும்பாலும் இதனையே தேர்ந்தெடுப்பர். அது அவர் குற்றமன்று, நாம் கேளாதது.

‘ஓ-யூ-ஆர்’ குறித்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் கருதலாகாது. டாலரை ரூபாயாக மாற்றும்போது நம் வங்கி வைக்கும் விகித வேறுபாட்டை அக்குறி தடுக்காது. அம்மாற்றத்தின்மீது சரக்கு சேவை வரியும் உண்டு. மாற்றிய தொகை 1 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் அதில் 1 சதவிகிதம், குறைந்தது 250 ரூபாய், சேவையின் மதிப்பாகக் கொள்ளப்படும். அதன்மேல் 18 சதவிகிதம் வரி. எனவே எத்துணைச் சிறிய தொகையாயினும் 45 ரூபாய் வரி உறுதி.

இணையக் கட்டண நிறுவனங்களின் வழி

வாங்குவோர் கார்டு மூலமாகவோ, பேபால் போன்ற நிறுவனத்தின் மூலமாகவோ செலுத்துவது இரண்டாவது வழி. இங்கே வழக்கம் தெளிவானது: கட்டணம் விற்போருடையது. இவ்வழக்கம் கார்டு பிறந்த நாளிலேயே தோன்றியது. 1950-இல் நியூயார்க்கில் தொடங்கிய டைனர்ஸ் கிளப், உணவு விடுதிகள் பெற வேண்டிய தொகையிலிருந்துதான் தன் பங்கைக் கழித்துக்கொண்டது. வாடிக்கையாளரைக் கொண்டுவந்து தருகிறோம், அதற்குரிய விலையைக் கடைக்காரர் தருவதே முறை என்பது அதன் வாதம். இன்றும் அவ்வாதமே நிலவுகிறது.

விற்போர் அக்கட்டணத்தைத் தனி வரியாக எழுதி வாங்குவோரிடம் கேட்கலாமே எனில், அதற்கும் தடைகள் உள. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் பிரிட்டனிலும் நுகர்வோர் கார்டுக்கு மேற்கட்டணம் வசூலிப்பது 2018 ஜனவரி 13 முதல் பொதுவாகத் தடை செய்யப்பட்டுள்ளது. இத்தடையில் பழகிய ஒருவர், நம் இன்வாய்ஸில் ‘கார்டுக் கட்டணம்’ என்ற வரியைக் கண்டால் ஐயுறுவது இயல்பு. ஆகவே இவ்வழியில் கட்டணத்தை விலைக்குள் அடக்குவதே தக்கது.

நம் நாட்டில் இத்தகைய நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. 2010-இல் ஓர் ஏற்றுமதிக்கு 500 டாலர் என்றிருந்த வரம்பு 2013-இல் 10,000 டாலராக உயர்ந்தது. 2023 அக்டோபர் 31-இல் ரிசர்வ் வங்கி புதிய முறையை வகுத்து, எல்லை கடந்த பணத்தைத் திரட்டித் தரும் நிறுவனங்களை நேரடி ஒழுங்குமுறையின்கீழ்க் கொணர்ந்தது. இப்பணிக்கு உரிய அனுமதி பெற்ற நிறுவனந்தானா என்பதைச் சங்கங்கள் முதலில் உறுதி செய்துகொள்ளல் வேண்டும்.

கணக்குப் பார்ப்போம்

இரு வழிகளில் எது மலிவு என்பதற்கு ஒரே விடை இல்லை. தொகையின் அளவே விடையை மாற்றுகிறது. கட்டணங்கள் வங்கிக்கு வங்கி வேறுபடுமாதலால், கணக்கு விளங்கும் பொருட்டுச் சில எண்களை நாமே வைத்துக்கொள்வோம். டாலருக்குச் சந்தை விலை 90 ரூபாய். வங்கி வழியில் இடை வங்கி 20 டாலர் கழிக்கிறது. நம் வங்கி டாலருக்கு 89 ரூபாய் தந்து, வரி உட்பட 590 ரூபாய் கட்டணம் எடுக்கிறது. மேற்சொன்ன நாணய மாற்று வரியும் உண்டு. இணைய வழியில் 5 சதவிகிதமும் அதனோடு 30 சென்டும் கட்டணம். டாலருக்கு 87 ரூபாய் 30 காசு கிடைக்கிறது.

60 டாலருக்கு ஒரு போர்வையும் இரண்டு துண்டுகளும் விற்றோம் என்க. சந்தை விலைப்படி 5,400 ரூபாய். வங்கி வழியில் கைக்கு வருவது 2,925 ரூபாய். ஏறக்குறையப் பாதி போயிற்று. இணைய வழியில் 4,950 ரூபாய் வரும்.

500 டாலர் எனில் சந்தை விலைப்படி 45,000 ரூபாய். வங்கி வழியில் வருவது 42,053 ரூபாய்; இணைய வழியில் 41,441 ரூபாய். இரண்டும் ஏறத்தாழச் சமம்.

5,000 டாலர் எனில் 4,50,000 ரூபாய். வங்கி வழியில் 4,42,141 ரூபாய் வரும். இழப்பு 2 சதவிகிதத்துக்கும் குறைவு. இணைய வழியில் 4,14,649 ரூபாய்தான்; இழப்பு 35,000 ரூபாய்க்கு மேல்.

சில்லறை விற்பனைக்கு இணைய வழியும், மொத்த விற்பனைக்கு வங்கி வழியும் ஏற்றவை என்பது இதனால் விளங்கும். எல்லாவற்றுக்கும் ஒரே வழியைப் பற்றிக்கொள்ளும் சங்கம் ஏதேனும் ஓரிடத்தில் நஷ்டமடையும். தம் வங்கியின் உண்மையான விகிதங்களை இட்டு ஒவ்வொரு சங்கமும் இக்கணக்கைத் தானே போட்டுப் பார்த்தல் நலம்.

நாணயத்தைத் தேர்வதும் சுமையைத் தேர்வதே

எந்த நாணயத்தில் விலை குறிக்கிறோம் என்பதும் கவனிக்கற்பாலது. டாலரில் குறித்தால் மாற்றும் செலவு நம்முடையது. ரூபாயில் குறித்தால் அது வாங்குவோருடையது. பல வெளிநாட்டுக் கார்டுகள் இதற்குத் தனிக் கட்டணமும் வாங்குகின்றன. ரூபாயில் குறிப்பது நமக்கு லாபமெனத் தோன்றினாலும், கையிலுள்ள பணத்தில் விலையறிய விரும்பும் சில்லறை வாடிக்கையாளர் அதனால் விலகிப்போதலும் கூடும்.

பொருளாதாரம் பயின்றோர் கூறும் உண்மை ஒன்றுண்டு. கட்டணத்தைச் செலுத்துபவர் ஒருவர். அதனைச் சுமப்பவர் வேறொருவராக இருக்கலாம். அதே பொருள் பத்துப் பேரிடம் கிடைக்குமாயின், விலையை உயர்த்த முடியாத விற்பனையாளரே சுமப்பார். நம்மிடம் மட்டுமே கிடைக்கும் நெசவாயின், வாங்குவோர் விலையோடு சேர்த்து அதனையும் தருவார். எனவே தரமும் தனித்தன்மையும் இவ்விஷயத்திலும் நம்மைக் காக்கின்றன.

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவதாக, மொத்த விற்பனைக்குரிய ஒவ்வொரு இன்வாய்ஸிலும் இவ்வாறு ஒரு வாசகம் இருத்தல் வேண்டும்: ‘குறித்த தொகை முழுவதும் விற்போர் வங்கிக்கு வந்து சேர வேண்டும், அனுப்பும் வங்கி, இடை வங்கி ஆகியவற்றின் செலவுகள் வாங்குவோரைச் சேர்ந்தவை.’ சரக்குக் கட்டிய பிறகு எழுதும் கடிதத்தைவிட, கட்டுமுன் எழுதும் இந்த ஒரு வாக்கியம் பயன் தரும்.

இரண்டாவதாக, விலையில் கட்டணத்தைச் சேர்க்கும் முறையில் பிழை நேராதிருக்க வேண்டும். 100 டாலர் கைக்கு வரவேண்டும், கட்டணம் 5 சதவிகிதமும் 30 சென்டும் என்றால், பலரும் 105 டாலர் 30 சென்ட் என்று விலை வைக்கின்றனர். அந்த விலை முழுவதன்மேலும் 5 சதவிகிதம் கழியுமாதலால் வருவது 99 டாலர் 73 சென்ட்தான். 100 டாலர் 30 சென்டை 95-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வரும் 105 டாலர் 58 சென்டே சரியான விலை. ஓர் உருப்படிக்கு 27 சென்ட் அற்பமாயினும் ஆயிரம் உருப்படிக்கு 270 டாலர்.

மூன்றாவதாக, ஒரே வாடிக்கையாளர் பன்முறை வாங்கும் சிறு உருப்படிகளைச் சேர்த்து ஒரே தொகையாகப் பெறலாம். நிலையான கட்டணம் ஒருமுறையே கழியும். அண்டைச் சங்கங்கள் கூடி ஒரே மத்தியச் சங்கத்தின் வழியாகப் பணம் பெற்றுப் பகிர்ந்துகொள்வதும் கூட்டுறவு நெறிக்கு ஒத்ததே.

நான்காவதாக, கட்டணத்தைத் தவிர்ப்பதற்காக, விற்பனைப் பணத்தை நண்பருக்கு அனுப்பும் அன்பளிப்பு எனக் குறிக்கும்படி யாரேனும் யோசனை கூறின் அதனை ஏற்கலாகாது. அது பொய்க்கணக்கு. ஏற்றுமதி வரவுக்குரிய வங்கி அத்தாட்சி அதற்குக் கிடைக்காது. சரக்கில் தகராறு நேர்ந்தால் வாங்குவோருக்கும் பாதுகாப்பு இராது.

நெசவாளர் கூலியும் பணத்தின் கூலியும்

இறுதியாக, இவை அனைத்தினும் முக்கியமான ஒன்றைக் கூற விரும்புகிறோம். ஆய்வுக்குச் சென்ற இடங்களில், குறைந்து வந்த தொகையைச் ‘சில்லறைச் செலவு’ என்ற தலைப்பில் எழுதி முடித்திருப்பதை நாம் கண்டதுண்டு. ‘வெளிநாட்டு ஆர்டரில் எதிர்பார்த்த வரவில்லை’ என்று கூறி அடுத்த பாவுக்குரிய கூலி உயர்வு ஒத்திவைக்கப்பட்டதையும் கண்டதுண்டு. தறியில் அமர்ந்த அங்கத்தினர் அந்த இடை வங்கியின் பெயரைக்கூடக் கேட்டறியார். ஆனால் யாரும் பேசி முடிவு செய்யாத செலவு, கடைசியில் அவர் கூலியிலேயே வந்து இறங்குகிறது. விளைபொருள் விற்கும் சங்கங்களில் மஞ்சள் பயிரிட்டவர் நிலையும் இதுவே.

பணம் கடந்து வரும் செலவு வியாபாரச் செலவு. அது விற்பனைக் கணக்கைச் சேர்ந்தது. நெய்த கூலியைச் சேர்ந்ததன்று. ஆகவே ‘வெளிநாட்டுப் பண வரவுக் கட்டணம்’ என்று பேரேட்டில் தனித்தலைப்பு ஒன்று திறந்து, இன்வாய்ஸ் தொகை, வந்து சேர்ந்த தொகை, இடையில் கழிந்தது ஆகிய மூன்றையும் ஆர்டர்வாரியாக எழுதி, நிர்வாகக் குழுவின் முன் மாதந்தோறும் வைக்குமாறு காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறோம். அங்கத்தினரும் பொதுக்குழுவில் இக்கணக்கைக் கேட்டுப் பெறுவாராக. வாங்குவோர் தருவதா, சங்கம் தருவதா என்பதைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். இரண்டும் நேர்மையான வழிகளே. அறியாத ஒருவர் தலையில் அது விழாதபடி பார்த்துக்கொள்வது நிர்வாகிகளின் கடமை.