பிடியரிசியில் எழுந்த பள்ளிக்கூடம்

கேரளத்தில் பிழைக்க வந்த தமிழரை முதலில் குழப்பும் சொல் "பள்ளி". இங்கே அது மாதா கோவிலையும் குறிக்கும், மசூதியையும் குறிக்கும். கிராமத்து மாதா கோவிலை ஒட்டி ஓடு வேய்ந்த நீளமான கட்டிடம் ஒன்று இருக்கும். அதுதான் பள்ளிக்கூடம். நாலு வகுப்பு, நாலைந்து ஆசிரியர்கள்.

கோவிலும் பள்ளிக்கூடமும் இப்படி அடுத்தடுத்து அமைந்தது தற்செயல் அல்ல. சிரியன் கத்தோலிக்கர்களின் விகார் ஜெனரலாக இருந்த குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா என்ற பாதிரியார், 1864-ம் ஆண்டில் "ஒவ்வொரு கோவிலும் ஒரு பள்ளிக்கூடம் நடத்த வேண்டும்" என்று உத்தரவிட்டார். 2014-ல் இவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது.

மதியச் சோறு

கோட்டயம் அருகே மாந்நானத்தில் இருந்த சாவரா, பக்கத்து ஊரான ஆர்ப்பூக்கரையில் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்காக ஒரு ஆரம்பப் பள்ளி தொடங்கினார். பொது வழியில் நடக்கவே அவர்களுக்கு உரிமை இல்லாத காலம் அது. பட்டினி கிடக்கும் பிள்ளை பாடம் கேட்க வருமா? மதியம் சோறு போட்டார்கள். சோறாக்கும் பெண்கள் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். அந்தப் பிடியரிசிதான் பள்ளிக்கூடத்தின் மூலதனம். காமராஜர் 1956-ல் மதிய உணவைத் தொடங்குவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முந்திய கதை இது.

அரசு சம்பளம்

பிறகு அரசு மானியம் வந்தது. 1959-ல் அமலுக்கு வந்த கேரளக் கல்விச் சட்டம் பெரிய மாற்றம் செய்தது. நிர்வாகத்தின் தயவை எதிர்பார்த்து நின்ற ஆசிரியருக்கு அரசே நேரடியாகச் சம்பளம் கொடுத்தது. சபை இந்தச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்துப் போராடியது. ஆனால் கிராமத்துச் சின்னப் பள்ளிக்கூடங்கள் நிலைத்து நின்றதற்கு அந்தச் சம்பளமும் ஒரு காரணம்.

பிள்ளைகள் எங்கே?

இன்று கட்டிடம் இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், பிள்ளைகள்தான் குறைவு. வீட்டுக்கு ஒன்றிரண்டு குழந்தைகளே. அவர்களையும் இங்கிலீஷ் மீடியம் வேன் ஏற்றிக்கொண்டு போகிறது. வகுப்புக்குச் சராசரி 15 பேர் இல்லாவிட்டால் "ஆதாயமற்ற பள்ளி" என்ற பட்டியலில் பெயர் ஏறும். ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுவார்கள். ஆசிரியர் வேலை நிலைக்குமா என்பது அந்தக் கணக்கில் இருக்கிறது.

காலி பெஞ்சுகளில் இப்போது வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகள் உட்காருகிறார்கள். மானியம் பெறும் பள்ளிகளில் கட்டணம் இல்லை. எட்டாம் வகுப்பு வரை மதிய உணவும் உண்டு. வேலை தேடி வந்த இடத்தில் பிள்ளையின் படிப்பு நின்றுவிடுமோ என்று கலங்கும் பெற்றோர், ஜூன் மாதத்துக்கு முன்பே பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்கலாம்.

அன்று பிள்ளையைத் தேடி அரிசியோடு போன பள்ளிக்கூடம், இன்றும் பிள்ளையைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறது.