புன்னக்காயல் சேற்றில் விளையும் உணவு

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. ஆற்று வண்டலும் கடலின் உப்புநீரும் கலக்கும் அந்தக் கழிமுகத்தில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன, பெரும்பாலும் வெண்கண்டல். வெயிலைக் கொண்டு இலை மாவுச்சத்தைச் செய்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் வேர் வழியே ஏறுகின்றன. சேற்றுக்குள் ஆக்சிஜன் அரிது என்பதால், மூச்சுவேர்கள் மேலே நீண்டு காற்றை வாங்குகின்றன.

பச்சை இலையைத் தின்னும் உயிர்கள் இங்கே குறைவு. உதிர்ந்த இலையில்தான் விருந்து தொடங்குகிறது. உதிருமுன் மரம் இலையிலுள்ள தழைச்சத்தில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்வதால், விழுவது சத்துக் குறைந்த பழுப்பு. அதை நண்டுகள் வளைக்குள் இழுத்துக் கிழித்துத் தின்கின்றன. மிச்சத்தின் மேல் பாக்டீரியாவும் பூஞ்சையும் படர்ந்து, சுற்றியுள்ள நீரிலிருந்து தழைச்சத்தை எடுத்துத் தம் உடலாக்கிக்கொள்கின்றன. ஆகவே மட்கிய துணுக்கு, மரம் உதிர்த்த இலையைவிடப் புரதம் மிகுந்தது. கழிமுகத்தின் செழிப்புக்கே ஆதாரம் இந்த மாற்றம்தான். இறால் குஞ்சும் மடவையும் அந்தத் துணுக்கை உண்கின்றன. அவற்றைக் கொடுவா பிடிக்கிறது, கொக்கும் நாரையும் பிடிக்கின்றன.

எச்சமும் கழிவும் செத்த உடலும் சேற்றில் சிதைந்து, வேர் உறிஞ்சும் உப்புகளாக மரத்துக்கே திரும்புகின்றன. நண்டு வளைகள் வழியே சேற்றுக்குள் காற்றும் நீரும் இறங்குகின்றன. அலையாத்தியின் உழவர் நண்டுதான். மூச்சுவேரில் படரும் நீலப்பச்சைப் பாசிகளோ காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக்குகின்றன.

ஆற்றல் இப்படித் திரும்புவதில்லை. உண்ட உணவில் பெரும்பங்கு சுவாசத்தில் எரிந்து வெப்பமாகப் போய்விடும். உணவுச்சங்கிலியில் ஆற்றல் படிக்குப் படி குறைவதை அமெரிக்க ஆய்வாளர் ரேமண்ட் லிண்டெமன் 1942இல் விளக்கினார். பொதுவாகப் பத்தில் ஒரு பங்கே அடுத்த படிக்குச் சேரும் என்பது தோராயக் கணக்கு. துணுக்கில் 1,000 பங்கு இருந்தால் இறாலில் 100, கொடுவாவில் 10. கொடுவா குறைவாகவும் இறால் மிகுதியாகவும் இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

சத்தும் முழுதாகத் திரும்பிவிடுவதில்லை. வற்றும் ஓதம் துணுக்குகளைக் கடலுக்கு இழுத்துச் செல்கிறது. காயலில் வளர்ந்த இறால் கடலுக்குப் போய் மீனவர் வலையில் ஏறுகிறது. அந்த இழப்பை ஈடுசெய்வதில் ஆற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. கோடையில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டி வரும் நீர் சொற்பம். வடகிழக்குப் பருவமழை வெள்ளத்தில்தான் புது வண்டல் வந்து சேர்கிறது. கடலில் வீணாகக் கலப்பதாகப் பேசப்படும் அந்த நீர், கழிமுகத்து மரத்துக்கும் மீனுக்கும் உரம் கொண்டுவரும் நீர்.