கேட்காத பாக்கெட் செயலிக்கு எதற்கு?

நாமக்கல் பக்கம் ஒரு பெரிய கோழிப்பண்ணை என்று வைத்துக்கொள்வோம். கொட்டகை, தீவன ஆலை, முட்டைக் கிடங்கு எல்லாம் சேர்த்து 32 கேமரா. ஒவ்வொன்றும் நொடிக்கு 4 மெகாபிட். அலுவலகத்திலும் வாசலிலும் ஒரே நேரத்தில் படம் தெரிய, கேமராக்களை, ஒரே பாக்கெட்டைப் பலருக்கு ஒருசேர அனுப்பும் மல்டிகாஸ்ட் முறைக்கு மாற்றுகிறார்கள். உடனே ரவுட்டர் திணறத் தொடங்குகிறது.

காரணம் ரவுட்டருக்குள் இருக்கும் ஸ்விட்ச் சிப். எந்த போர்ட்டில் எந்தக் கருவி இருக்கிறது என்பதை, பாக்கெட்டை அனுப்பியவரின் முகவரியைப் பார்த்துத்தான் ஸ்விட்ச் கற்றுக்கொள்கிறது. 1990-இல் முதல் ஈதர்நெட் ஸ்விட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது கல்பனா நிறுவனம். இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ் அதன் நிறுவனர்களில் ஒருவர். மனைவியின் பெயரையே நிறுவனத்துக்கு வைத்தார். அன்று முதல் அடிப்படை விதி ஒன்றுதான்: பெறுநர் யாரென்று தெரியாவிட்டால், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அனுப்பு.

மல்டிகாஸ்ட் முகவரி ஒருபோதும் அனுப்புநராக வராது. ஆகவே ஸ்விட்ச் அதைத் தானாகக் கற்கவே முடியாது. படம் எல்லா போர்ட்டுக்கும் பாய்கிறது. ரவுட்டரின் செயலி (சி.பி.யு.) இணைந்திருக்கும் போர்ட்டுக்கும்தான். 128 மெகாபிட் என்றால் நொடிக்குச் சுமார் 12,000 பாக்கெட். ஒவ்வொன்றையும் நினைவகத்தில் வாங்கி, பிரித்துப் பார்த்து, 'எனக்கில்லை' என்று செயலி தூக்கி எறிய வேண்டும். எறிவதற்கும் நேரம் செலவாகிறதே!

இதைத் தடுக்கும் இடம், ஸ்விட்ச் சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருள். லினக்ஸில் இத்தகைய சிப்புகளுக்கான டி.எஸ்.ஏ. கட்டமைப்பு 2008-இல் வந்தது. செயலிக்குத் தேவையான முகவரிகளை டிரைவர் முதலில் சிப்பின் அட்டவணையில் எழுதுகிறது. அதன்பிறகே, பெறுநர் தெரியாத பாக்கெட் செயலி போர்ட்டுக்குப் போவதை நிறுத்துகிறது.

இந்த வரிசைதான் உயிர். பட்டியல் முழுமையாகுமுன் வழியை அடைத்தால், ஐ.பி.வி.6 முதலில் அடிபடும். அதில் பக்கத்துக் கருவியைத் தேடும் கேள்வியே மல்டிகாஸ்டாகத்தான் வருகிறது; கேபிள் விளக்கு எரியும், ரவுட்டர் பதில் சொல்லாது. ஐ.பி.வி.4-இல் அதே கேள்வி பிராட்காஸ்டாக வருவதால், அந்த வழியை மட்டும் திறந்தே வைக்க வேண்டும்.

செயலிக்கு இது போதும். மற்ற போர்ட்டுகளில் பாயும் படத்தை நிறுத்த, ஸ்விட்சில் ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங் வேண்டும். எந்தத் திரை எந்தப் படத்தைக் கேட்கிறது என்று அது கவனித்து, கேட்ட போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும்.