அறைக்குள் பறக்கும் விமானம்

தஞ்சைப் பக்கத்துப் பொய்க்கால் குதிரையைப் பார்த்திராத தமிழர் நம்மிடையே சிலரே இருப்பர். கழுத்து உண்டு, பிடரி உண்டு, சேணம் உண்டு. ஆனால் ஆடுகின்ற கால்கள் மனிதனுடையவை. கண்ணுக்கு அது குதிரை; நடையோ மனித நடை. கணிப்பொறியில் விமானம் செய்ய முற்படுவோர் பலர் செய்து முடிப்பதும் இத்தகைய பொய்க்கால் குதிரையையே. வண்ணம் பொருந்தும், கண்ணாடியின் பளபளப்புப் பொருந்தும், பறக்கவிட்டால் மட்டும் அதன் நடை அந்த விமானத்தின் நடையாக இராது.

வீட்டிலிருந்தபடியே விமானம் ஓட்டிப் பார்க்க உதவும் சிமுலேட்டர்கள் இன்று பல உள்ளன. அவற்றுள் ஃபிளைட்கியர் என்பது இலவசமானது. அதன் உள்ளமைப்பை எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். முதுநிலைப் பௌதிக மாணவனாகிய நானும் விடுதி நண்பர் இருவரும், ஓய்வு நேரங்களில், அதற்காகப் பழைய இரட்டை எஞ்சின் விமானம் ஒன்றைச் செய்து வருகிறோம். அந்த முயற்சியை முன்னிட்டு, ஒரு விமானத்தைக் கணிப்பொறிக்குள் மறுபடி படைப்பது எங்ஙனம் என்பதையும், அதில் எதை விட்டாலும் எதை விடலாகாது என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

எடுத்துக்கொண்ட விமானம்

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரம் சிறு விமானங்களுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள செஸ்னா நிறுவனத்தின் 310 என்னும் விமானம் 1953 ஜனவரி 3ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. 1954 முதல் 1980 வரை ஐயாயிரத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. தொடக்கத்தில் எஞ்சின் ஒன்றுக்கு 240 குதிரைத்திறன். கடைசி வகையாகிய 310ஆரில் 285. அமெரிக்க விமானப் படை 1957இல் இவற்றை வாங்கியது. அவற்றின் நீல வண்ணத்தைக் கண்டு வீரர்கள் ‘நீல ஓடம்’ என்று செல்லமாக அழைத்தனராம்.

1980க்குப் பிறகு புதிதாக ஒன்றும் பிறக்கவில்லை என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். இருப்பவை முதுமை அடைகின்றன. அவற்றை இளமையில் ஓட்டியவர்களும் முதுமை அடைகின்றனர். அருங்காட்சியகத்தில் ஒரு விமானத்தை நிறுத்தி வைக்கலாம். ஆனால் அங்கே அது அசையாது. அது எப்படித் திரும்பும், எங்கே முரண்டும், எப்போது கொல்லும் என்னும் அறிவைக் கண்ணாடிப் பேழையில் வைக்க இயலாது. அவ்வறிவைக் காப்பதற்குச் சிமுலேட்டர் ஒரு வழி. ஆனால் அது பொய்க்கால் குதிரையாகப் போய்விட்டால், காப்பதற்கு மாறாக அழிப்பதாகவே முடியும். நாளை வருவோர் பொய்யையே உண்மை என்று கற்பர் அன்றோ?

உருவமும் உயிரும்

வேலை இரு பகுதிப்படும். முதலாவது உருவம். முன், பக்கம், மேல் ஆகிய மூன்று முகப் படங்களை வைத்து, பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளில் உடலைச் செதுக்குகிறோம். விமானியின் அறையில் உள்ள ஒவ்வொரு முள்ளும், ஒவ்வொரு நெம்புகோலும் தனித்தனியே அசைய வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. ஆயினும் தெளிவான வேலை. கண் பார்த்ததைக் கை செய்கிறது.

இரண்டாவது பகுதியே உயிர். அது படம் அன்று. எழுத்தும் எண்ணும் நிறைந்த ஒரு கோப்பு. ஃபிளைட்கியரில் பறத்தல் கணக்கைச் செய்யும் பகுதிகளுள் ஒன்றின் பெயர் ஜே.எஸ்.பி.சிம். அதற்கு நாம் தர வேண்டியவை இவை: சிறகின் பரப்பும் நீளமும், எடையும் அது பரவியுள்ள விதமும், சக்கரங்களின் இடமும் விறைப்பும், எஞ்சினும் விசிறியும், கடைசியாக, காற்று எந்தக் கோணத்தில் வந்தால் எவ்வளவு தூக்கும், எவ்வளவு இழுக்கும், எவ்வளவு திருப்பும் என்னும் அட்டவணைகள். இவற்றை வைத்துக்கொண்டு கணிப்பொறி நொடிக்கு 120 முறை விசைகளைக் கூட்டி, நியூட்டன் விதிப்படி விமானத்தைச் சிறிது சிறிதாக நகர்த்துகிறது. நம் முதலாண்டுப் பாடத்தில் உள்ள விதிதான். வேறு மந்திரம் ஒன்றுமில்லை.

இந்த எண்கள் எங்கே கிடைக்கும்? நிறுவனம் விமானிகளுக்கு அளித்த கையேட்டில் ஒரு பகுதி உண்டு. மற்றொரு பகுதிக்குப் பாடநூல் உதவும். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராயிருந்த யான் ரோஸ்காம், விமான இயக்கவியல் பற்றிய தம் நூலில் செஸ்னா 310ஐ ஓர் எடுத்துக்காட்டாகவே வைத்திருக்கிறார். ஜே.எஸ்.பி.சிம்முடன் 310இன் மாதிரிக் கோப்பு ஒன்றும் சேர்ந்தே வருகிறது. நாங்கள் அதனைத் தொடக்கமாகக் கொண்டோம். எஞ்சியதைக் கணக்கிட்டும் பறக்கவிட்டு ஒப்பிட்டும் பெற வேண்டும்.

சிறகு நுனியில் குடம்

310ஐப் பார்த்தவுடன் கண்ணிற் படுவது அதன் சிறகு நுனிகளில் உள்ள எரிபொருள் தொட்டிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 190 லிட்டர் கொள்ளும். நிறைந்தால் எரிபொருள் மட்டும் சுமார் 136 கிலோ. இது விமானத்தின் நடையை எப்படி மாற்றும் என்று பார்ப்போம்.

காவடித் தண்டின் இரு நுனியிலும் நீர்க்குடம் கட்டித் தோளில் வைத்து நடப்பவன் உடலைச் சட்டென்று திருப்ப முடியாது. திரும்பத் தொடங்கிவிட்டால் சட்டென்று நிற்கவும் முடியாது. குடங்களைத் தோளருகே நகர்த்தினால் இரண்டும் எளிது. எடை மாறவில்லை, எடை இருக்கும் இடமே மாறியது. பௌதிகத்தில் எடையைத் தொலைவின் இருமடியால் பெருக்குகிறோம். விமானத்தின் நடுவிலிருந்து தொட்டி சுமார் 5.5 மீட்டர் தொலைவில் உள்ளது. 136ஐ 5.5இன் இருமடியால் பெருக்கினால் 4,114. இரு தொட்டிக்கும் 8,228. அதே எரிபொருள் நடுவிலிருந்து 2 மீட்டரில் இருந்தால் வெறும் 1,088. ஏழரை மடங்கு வேறுபாடு!

எனவே தொட்டி நிறைந்த 310 பக்கவாட்டில் சாயச் சோம்பும். சாயத் தொடங்கினால் நிற்கவும் சோம்பும். பறக்கப் பறக்க எரிபொருள் குறைய, அதன் குணமும் இலகுவாகும். எடையை ஓரிடத்தில் குவித்து எழுதிவிட்டால் இந்தக் குணம் மறைந்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஓட்டுபவர் கைக்குத் தெரியும்.

அந்தத் தொட்டிகளில் இன்னொரு நுட்பமும் உண்டு. 310ஆரில் எஞ்சினுக்குத் தேவைக்கு மேல் எரிபொருள் சென்று, மிகுதி திரும்பி வருகிறது. சிறகுக்குள் துணைத் தொட்டிகளும் இருக்கலாம். எந்தத் தொட்டியிலிருந்து எடுத்தாலும் மிகுதி திரும்புவது நுனித் தொட்டிக்கே. நுனித் தொட்டி நிறைந்திருக்கும்போதே துணைத் தொட்டிக்கு மாற்றினால், திரும்பி வருவதற்கு இடமில்லாமல் எரிபொருள் வெளியே கொட்டிப் போகும். ஆகவே துணைத் தொட்டியின் அளவைப் பொறுத்து முதல் 60 அல்லது 90 நிமிடம் நுனித் தொட்டியிலேயே பறக்க வேண்டும் என்பது விதி. சிமுலேட்டரில் இதைச் சேர்க்காமல் விட்டால் வேலை பாதியாகும். ஆனால் விமானியை எண்ணி எண்ணிப் பறக்க வைத்த அந்த ஒழுக்கம் அழிந்துபோகும்.

ஒரு மாடு படுத்துவிட்டால்

எல்லாவற்றினும் முதன்மையானது இனிச் சொல்லப்போவது. எஞ்சின் இரண்டு இருந்தால் ஆபத்துப் பாதி என்று பொதுவாக எண்ணுவோம். ஒன்று நின்றுவிட்டால் வலிமை பாதியாகும், அவ்வளவுதானே? அன்று. மாதம் 100 ரூபாய் உதவித்தொகை பெறும் மாணவனுக்கு உணவுச் செலவு 36 என்றால் மிச்சம் 64. உதவித்தொகை 50 ஆகக் குறைந்தால் செலவும் பாதியாகுமா? மிச்சம் 14 மட்டுமே. விமானம் மேலே ஏறுவது இந்த மிச்சத்தைக் கொண்டுதான். 310ஆர் இரு எஞ்சினுடன் கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 1,600 அடிக்கு மேல் ஏறும். ஓர் எஞ்சினுடன் 400 அடிக்கும் குறைவாகவே ஏறும். ஐந்தில் நான்கு பங்கு போயிற்று!

அது மட்டுமன்று. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துவிட்டால் வண்டி நிற்பதில்லை, பக்கவாட்டில் திரும்புகிறது. இடப்பக்க எஞ்சின் நின்றால், வலப்பக்க எஞ்சின் விமானத்தை இடப்பக்கம் திருப்பும். இதைத் தடுக்க விமானி வலக்காலால் மிதித்து, வாலில் உள்ள சுக்கானைத் திருப்புகிறான். சுக்கானின் வலிமை காற்றின் வேகத்தைப் பொறுத்தது. அதுவும் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 106 நாட் வேகத்தில் அதன் வலிமையை 100 என்றால், 80 நாட் வேகத்தில் அது 57 மட்டுமே. ஆனால் எஞ்சினின் திறன் மாறாதிருக்க, வேகம் குறையுந்தோறும் விசிறியின் இழுப்புக் கூடுகிறது. தடுக்கும் கை தளர்கிறது. தள்ளும் கை வலுக்கிறது. ஒரு கட்டத்தில் சுக்கான் தோற்றுப் போகும்; விமானம் திரும்பிக் கவிழும்.

அந்தக் கட்டத்தைக் காட்டவே 310ஆரின் வேகமானியில் 80 நாட்டில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. ஓர் எஞ்சினுடன் மிகுதியாக ஏறத்தக்க வேகம் 106. அதற்கு ஒரு நீலக் கோடு. இவ்விரு கோடுகளுக்கும் இடையே இருப்பது 26 நாட் மட்டுமே. புறப்படும் வேளையில் அந்த இடைவெளியில் பல உயிர்கள் போயிருக்கின்றன.

இதில் இடமும் வலமும் ஒன்றல்ல. 310இன் இரு விசிறிகளும் விமானி பார்வையில் கடிகாரத் திசையிலேயே சுழல்கின்றன. மூக்குச் சற்று உயர்ந்திருக்கும்போது, கீழ்நோக்கி வரும் வலப்பக்க இதழே மிகுதியாக இழுக்கும். அதனால் வலப்பக்க எஞ்சினின் இழுப்பு உடலுக்கு அப்பாலும், இடப்பக்க எஞ்சினின் இழுப்பு உடலுக்கு அருகிலும் அமைகின்றன. ஆகவே இடப்பக்க எஞ்சின் நிற்பதே கொடிது. நல்ல மாதிரியில் இந்த வேறுபாடு தெரிய வேண்டும். நின்ற எஞ்சினின் விசிறி இதழ்கள் காற்றுக்கு விளிம்பைக் காட்டுமாறு திருப்பப்படாத வரையில் அவை தடையாய் நிற்பதும், உழைக்கும் எஞ்சின் பக்கமாக 5 பாகை வரை சாய்த்தால் விமானம் கட்டுப்படுவதும் தெரிய வேண்டும்.

இரக்கம் காட்டாத மாதிரி

செய்பவனுக்கு இங்கேதான் சோதனை வருகிறது. சுக்கானின் எண்ணைச் சிறிது கூட்டி எழுதினால் போதும், விமானம் சாதுவாகிவிடும். ஓட்டுபவர் மகிழ்வர், “அருமையாகப் பறக்கிறது” என்பர். எண்ணை மாற்றுவது ஒரு விரலின் வேலை. ஆனால் அந்த ஒரு விரல், பிழை செய்தவனிடம் “நீ செய்தது சரி” என்று சொல்லிவிடுகிறது. அதை நம்பியவன் நாளை உண்மை விமானத்தில் ஏறினால்?

சிமுலேட்டர் பிறந்த கதையை நினைத்தால் இது விளங்கும். நியூயார்க் மாநிலத்தில் இசைக்கருவித் தொழிற்சாலைக் குடும்பத்தில் வளர்ந்த எட்வின் லிங்க், ஆர்மோனியம் போன்ற கருவிகளின் துருத்திகளைக் கொண்டே, சாய்ந்து திரும்பும் ஒரு சிறு பயிற்சிக் கூண்டை 1929இல் செய்தார். தொடக்கத்தில் அது பொருட்காட்சி விளையாட்டாகவே கருதப்பட்டது. 1934இல் அமெரிக்கப் படை விமானிகள் அஞ்சல் சுமந்து பறந்தபோது, மோசமான வானிலையில் பலர் மாண்டனர். அதன் பின்னரே படை அக்கூண்டுகளை வாங்கியது. விளையாட்டுப் பொருளைப் பயிற்சிக் கருவியாக்கியது மரணம்.

வீட்டுச் சிமுலேட்டர் எல்லாம் கற்பித்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நாற்காலி முதுகைத் தள்ளுவதில்லை, கால் மிதியில் உண்மையான பாரம் இல்லை, அச்சமும் இல்லை. இதனால் விமானி உரிமமும் கிடைக்காது. உரிமத்துக்கு இந்தியாவில் பல இலட்சம் ரூபாய் வேண்டும். நம்மில் பெரும்பாலோர் வீட்டில் அது இல்லை, என் வீட்டிலும் இல்லை. ஆனால் ஏன் அந்தச் சிவப்புக் கோடு அங்கே இருக்கிறது என்று அறிவதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு கணிப்பொறியும், ஒரு நூலக அட்டையும், பெருக்கல் கணக்கில் பொறுமையும் போதும்.

தமிழ் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்களுக்கு ஆட்கள் வேண்டும். எஞ்சின் படித்தவர் எண்ணெய் அழுத்தத்தைப் பார்க்கட்டும். கணிதம் படித்தவர் அட்டவணையைச் சரிபார்க்கட்டும். ஓவியம் தெரிந்தவர் அறையை வரையட்டும். விமானியின் சரிபார்ப்புப் பட்டியலைத் தமிழில் எழுதவும் தொடங்கியிருக்கிறோம். வாலில் உள்ள பலகைக்குப் புதுச்சொல் தேட வேண்டியிருக்கவில்லை. நம் கடலோர மக்கள் சுக்கான் என்னும் சொல்லை எப்போதோ தந்துவிட்டார்கள். மற்றச் சொற்களையும் கூடியிருந்து தேடுவோம். வருபவர் ஒரே ஓர் உறுதி மட்டும் தர வேண்டும்: விமானத்தின் குறைகளைத் திருத்தக் கூடாது. அது முரண்டிய இடத்தில் முரண்டட்டும். கவிழ்ந்த வேகத்தில் கவிழட்டும். இருந்தது இருந்தபடி இருந்தால்தான், அதன் பெயரை அதற்குச் சூட்ட நமக்கு உரிமை உண்டு.